மூச்சுக்குறி

நல்ல ரப்பர் இப்போதெல்லாம் கிடைப்பதில்லை, சார்ஜென்ட். இதைப் பாருங்கள். ஒரு முனை சிவப்பு, அது பென்சிலுக்கு. மறு முனை நீலம், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், அது மைக்கு. இருபது வருஷமாக என் சட்டைப்பையில் கிடக்கிறது. சிவப்பு முனை பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. நீல முனையிலும் ஓர் ஓரம் மழுங்கியிருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு இதை உங்கள் மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிப் பொருள் என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது.

நான் வருவது இது மூன்றாவது முறை. முதல் முறை நீங்கள் டாக்டருக்கு ஆள் அனுப்பினீர்கள். இரண்டாவது முறை உங்கள் மனைவி பட்டாணி சூப் கொடுத்து, கழுத்துத் துணியைச் சரியாகச் சுற்றிவிட்டு, வீட்டுக்கு அனுப்பிவைத்தார். சூப் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மனிதன் கொலை செய்துவிட்டு வந்து நிற்கும்போது சூப் கொடுப்பது முறையில்லை. எனக்கு எழுபத்து நான்கு வயது. திரும்பத் திரும்ப இந்தப் போலீஸ் ஸ்டேஷன் மேட்டில் ஏறி வர முடியவில்லை. உட்கார்ந்து சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ஹெர்பர்ட் ஓல்ட்ராய்ட். ஹெக்டன்லி சாயப்பட்டறையில் நாற்பது வருஷம் வண்ணம் கலந்தவன். மாலை வேளைகளில் நம் ஊர்ச் சுரங்கத் தொழிலாளர் பேண்டுக்குப் பாட்டுப் பிரித்து எழுதிக் கொடுப்பவன். அதாவது ஒரு மெட்டை எடுத்து, இன்ன வாத்தியம் இதை ஊது, இன்ன வாத்தியம் இங்கே சும்மா இரு என்று இருபத்தைந்து பேருக்கும் தனித்தனித் தாள் எழுதித் தருவது. மை நானே கலப்பேன், ஊதா ஓடிய கறுப்பு. கடையில் அந்த மை கிடையாது. என் தாளைப் பத்தடி தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

செத்துப்போனவன் ஏமஸ் கிராப்ட்ரி. பேண்டில் யூஃபோனியம் ஊதினான். கைக்குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வதுபோல் வைத்து ஊதுகிற வாத்தியம் அது, குரல் மட்டும் அறுபது வயதுப் பாதிரியாருடையது. பிடித்த ஸ்வரத்தை நடுவில் விடமாட்டான் என்று ஏமஸுக்குப் பெயர். ஒருமுறை திறந்தவெளியில் ஊதும்போது, அவன் ஒரு ஸ்வரத்தை ஆரம்பித்தான், மழை வந்தது, ஜனங்கள் மரத்தடிக்கு ஓடினார்கள், மழை நின்றது, திரும்பி வந்து உட்கார்ந்தார்கள், அதே ஸ்வரம். நான் அங்கே இருந்தேன். என் தொப்பி நனைந்தது.

அவன் ஒரே ஒரு முறை ஸ்வரத்தை நடுவில் உடைத்தான். அது நான் எழுதிய பாட்டில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து, வட்டாரப் போட்டி. எந்த பேண்டு ஊதுகிறது என்று தெரியக்கூடாதென்பதற்காக நடுவரை ஒரு கூடாரத்துக்குள் வைத்துத் திரையை மூடிவிடுவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்குக் காது மட்டும்தான். நம் முறை வந்தது. யூஃபோனியத்துக்கு நான் நீளமாக ஒரு வரி எழுதியிருந்தேன், என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய நல்ல வரி. அதன் நட்டநடுவில் ஏமஸ் மூச்சு எடுத்தான். முக்கியமான சொல்லுக்கு முந்தி இருமியதுபோல ஆகிவிட்டது. சாயங்காலம் நடுவரின் குறிப்பை மைதானத்தில் சத்தமாக வாசித்தார்கள். ‘இதை எழுதியவருக்கு மனிதனுக்கு நுரையீரல் உண்டு என்பது தெரியாது.’ இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள்.

இசைத்தாளில் மூச்சு எடுக்கிற இடத்துக்கு ஒரு குறி உண்டு. கமா மாதிரி இருக்கும், கோட்டுக்கு மேலே போடுவோம். ஏமஸ் அன்றைக்குச் சொன்னது ஒரே வாக்கியம். “கமா போட்டிருந்துச்சு, எழுதினதைத்தான் ஊதினேன்.” நான் போடவில்லை என்றேன். தாளை எடுத்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் பார்க்கவில்லை, ஏனென்றால் ஏமஸ் சொன்னால் போதும். நானும் பார்க்கவில்லை, ஏனென்றால் எழுதியவனுக்குத் தெரியாதா. தாள்கள் பேண்டு அறையின் அலமாரிக்குள் போயின. எனக்கு ‘மூச்சுமுட்டி’ என்று பெயர் வந்தது.

இருபத்தெட்டு வருஷம். சாராயக்கடைக் கதவைத் திறந்தால், “மூச்சுமுட்டி வர்றாருப்பா, அந்த ஜன்னலைத் திறந்து விடு” என்று ஒரு குரல் கேட்கும். என் கல்யாணத்தில் பாதிரியாரே நாக்குத் தவறி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். நான் அதற்காக யாரிடமும் கோபப்பட்டதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் நிதானமான ஆள்.

இப்போது ராணியின் முடிசூட்டு வருஷத்துக்கு, ஐம்பத்து மூன்றுக்கு, வருகிறேன். நகரத்திலிருந்து ஆர்கெஸ்ட்ரா வரும், நம் பேண்டும் அதுவும் சேர்ந்து நகர மண்டபத்தில் ‘கடல் காக்கும் எங்கள் மண்ணே’ என்ற தேசத் துதியை வாசிக்க வேண்டும் என்று விழாக் குழு முடிவு செய்தது. இரண்டுக்கும் சேர்த்துப் பிரித்து எழுதும் வேலை என்னிடம் வந்தது. குழுவின் தலைவி மேயரின் மனைவி திருமதி ஆர்மிட்டேஜ். இது முடியாத காரியம் என்று அவரிடம் சொன்னேன்.

“ரெண்டு பேருக்கும் அதே பாட்டுதானே. அதே ராணிதானே. சேர்ந்து வாசிக்கறதுல என்ன கேடு வந்துச்சு?” என்றார்.

கேடு சுருதியில் இருந்தது. நீங்கள் கால்பந்துக்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எப்போதோ சுருதியை இறக்கிக்கொண்டார்கள். பித்தளை பேண்டுகள் இறக்கவில்லை. தாத்தன் ஊதிய கொம்பைப் பேரன் ஊதுகிற ஊரில் குழாயை யார் நீட்டி வைப்பார்கள். வித்தியாசம் அரை ஸ்வரத்தில் பாதி. முழு ஸ்வரம் என்றால் மாற்றி எழுதிவிடலாம். பாதியில் பாதியை எழுத எழுத்தே கிடையாது. முதல் ஒத்திகையில் இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரே ஒரு ஸ்வரம் வாசித்தார்கள். மண்டபத்துப் பூனை எழுந்து வெளியே போனது. இன்றுவரை திரும்பவில்லை.

ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற டாக்டர் பெம்பர்ட்டன் குச்சியைக் கீழே வைத்தார். “மிஸ்டர் ஓல்ட்ராய்ட், இது துதிப்பாட்டா, பல்லு பிடுங்கற இடமா?”

பின்வரிசையிலிருந்து ஏமஸ் சொன்னான். “எங்க சுருதி சரியாத்தான் இருக்குதுங்க. அவங்களைக் கொஞ்சம் எக்கி வாசிக்கச் சொல்லுங்க.”

“எக்கினா கம்பி அறுந்துடும்யா.”

“அறுந்தா கட்டிக்கிட்டு வரட்டும். நாங்க இருக்கோம், எங்கயும் போகல.”

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் சொல்லக்கூடாது, ஆனால் கெட்டிக்காரத்தனமான வழி. முதல் இரண்டு சரணம் பேண்டு மட்டும். மூன்றாவது சரணம் ஆர்கெஸ்ட்ரா மட்டும்; பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று ஜனங்களோடு சேர்ந்து பாட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம். யூஃபோனியம் ஒன்றே ஒன்று, ஒரே ஸ்வரம். பேண்டின் சுருதியில் ஆரம்பித்து, உதட்டைத் தளர்த்தித் தளர்த்தி, யார் காதுக்கும் தெரியாமல் இறங்கி, ஆர்கெஸ்ட்ராவின் சுருதியில் போய் நிற்க வேண்டும். நிற்கும்போது வயலின்கள் சேர்ந்துகொள்ளும். நடுவில் மூச்சு எடுக்கக்கூடாது. எடுத்தால் விட்ட இடத்துக்கும் பிடித்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் இதைச் செய்யக்கூடிய மனிதன் ஒருவன்தான் இருந்தான்.

அவனுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருந்தவன். எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதலில் நான்கு கட்டம் எழுதினேன். தாளில் செங்குத்துக் கோடு போட்டுப் பிரிப்போமே, அந்தக் கட்டம்; ஒன்றுக்கு நான்கு தட்டு, தட்டு ஒரு நொடி. நான்கு கட்டத்தில் சுருதி இறங்குவது காதில் விழுந்தது, மாடிப்படியில் ஆள் சறுக்குவதுபோல. ஆறாக்கினேன். பிறகு ஒன்பது. ஒன்பதில் ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் பெம்பர்ட்டன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “போதும். இதுக்கு மேல ஒண்ணும் பண்ணாதீங்க” என்றார். அடுத்த வாரம் நான் பதினொன்றாக்கினேன். ஏன் அந்த இரண்டு என்று கேட்பீர்கள். பாதுகாப்புக்காக.

ஏமஸ் தாளைக் கையில் வாங்கிக் கட்டங்களை விரலால் எண்ணினான். “போன வாரம் ஒன்பதுதானே இருந்துச்சு, மூச்சுமுட்டி? வளருதே. தண்ணி கிண்ணி ஊத்துறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “முடியலைன்னா சொல்லிடு, ஏமஸ். வெக்கப்படாத. வேற மாதிரி எழுதிக்கலாம்” என்றேன். அறையில் இருபத்து நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீ எழுது. எழுதினதை நான் ஊதறேன்” என்றான். சொல்லிவிட்டுக் கைக்குட்டைக்குள் கொஞ்ச நேரம் இருமினான். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தபோது அதன் நிறத்தைப் பார்த்தேன். சாயப்பட்டறைக்காரன், நிறத்தில் ஏமாறமாட்டேன்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஏமஸின் மனைவி ஐவி என் வீட்டுக்கு வந்தாள். இஞ்சியும் சர்க்கரைப் பாகும் போட்ட பார்க்கின் கேக் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டாக்டர் சொல்லிட்டாரு, ஹெர்பர்ட். ஒரு பக்கம் மொத்தமும் தூசிதானாம். படி ஏறினா நடுப்படியில உக்காந்துக்கறாரு. உக்காந்துக்கிட்டு, காட்சி பாக்கறேங்கறாரு. எங்க வீட்டுப் படியில என்ன காட்சி?”

“ஊதாதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னா கேக்கற ஆளா? நீங்க ஒரு கமா போடுங்க. நடுவுல ஒண்ணே ஒண்ணு. எழுதியிருந்தா எடுத்துக்குவாரு. எழுதாம எடுக்கவே மாட்டாரு, செத்தாலும். அந்தப் பழைய தகராறுக்கு அப்புறம் இப்படி ஆயிட்டாரு. உங்களுக்குத் தெரியாததா.”

தெரியும். நான் தாளை எடுத்து, அவள் கண்ணெதிரே, ஆறாவது கட்டத்தின் முடிவில் பென்சிலால் ஒரு கமா போட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்கு இசைத்தாள் வாசிக்கத் தெரியாது, ஆனால் கமா எதுவென்று தெரிந்தது. கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க நல்ல மனுசன். ஊர்ல என்ன வேணா சொல்லட்டும்” என்றாள்.

விழாவன்று மத்தியானம் மூன்று மணிக்கு மண்டபத்தில் யாரும் இல்லை. தாள்களை அந்தந்த இடத்தில் வைப்பது எப்போதும் என் வேலை. ஏமஸின் தாளை வைத்தேன். இந்த ரப்பரை எடுத்தேன். சிவப்பு முனை. இரண்டு தேய்ப்பு, சின்னக் குறிதானே. தூளை ஊதிவிட்டேன். ஒரு துண்டு கேக் பையில் இருந்தது, அதைத் தின்றேன்.

கமா இருந்தால் ஒட்டு தெரிந்துவிடும். அவ்வளவுதான் காரணம். பாட்டுக்காகச் செய்தேன்.

வேறு வழி இருந்ததா என்று கேட்க வேண்டிய இடம் இது, சார்ஜென்ட். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இருந்தது. பேண்டு முடித்ததும் பக்க மேளத்தில், குச்சியால் அடிக்கிற சின்ன மேளம் அது, ஒரு உருட்டு, அரை நிமிஷம். மேளத்துக்குச் சுருதி கிடையாது. அந்த உருட்டலில் ஜனங்களின் காது பழைய சுருதியை மறந்துவிடும், பிறகு ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிக்கலாம். நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரியும். நான் முதலில் எழுதியதே அதுதான். இருபது நிமிஷ வேலை. நன்றாக வந்திருந்தது. அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. சாவி இதோ.

சாயங்காலம் மண்டபம் நிரம்பியது. நான் இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். பேண்டு இரண்டு சரணம் ஊதி அடங்கியது. ஏமஸின் ஸ்வரம் மட்டும் நின்றது. அவன் கண் தாளில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. கமா போட்டிருப்பதை ஐவி அவனிடம் சொல்லியிருப்பாள். ஆறாவது கட்டத்துக்கு வந்தான். ரப்பர் தேய்த்த இடம் வெளிச்சத்தில் கொஞ்சம் பளபளக்கும். அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு குழலின் விளிம்புக்கு மேலாக என்னைப் பார்த்தான். கோபமில்லை. கணக்கு வாத்தியார் விடையைச் சரிபார்ப்பதுபோல ஒரு பார்வை.

மூச்சு எடுக்கவில்லை.

எடுத்திருந்தால் ஊரே கேட்டிருக்கும். ஏமஸ் கிராப்ட்ரி உடைத்துவிட்டான் என்று இந்த முறை சொல்லியிருப்பார்கள். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டில் எது நடந்தாலும் பரவாயில்லை என்ற நிலையில் நான் உட்கார்ந்திருந்தேன். மனசு அமைதியாக இருந்தது. ஏழாவதில் அவன் முகம் சிவந்தது. எட்டில் ஊதா. ஒன்பதிலிருந்து சாம்பல் நிறம், ஓரத்தில் நீலம், அந்த வண்ணத்தைப் பட்டறையில் எத்தனை முறை முயன்றும் என்னால் கலக்க முடிந்ததில்லை. ஸ்வரம் ஆடவில்லை. பத்து. பதினொன்று. வயலின்கள் சேர்ந்தன. எங்கே சேர்ந்தன என்று எழுதிய எனக்கே தெரியவில்லை.

எல்லோரும் எழுந்து பாடினார்கள். பேண்டும் எழுந்தது. ஏமஸ் எழவில்லை. குழலின் வாயில் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தான். தேசத் துதிக்கு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் பேண்டுக்குப் பின்னால் நின்ற திருமதி ஆர்மிட்டேஜ் குடை நுனியால் அவன் தோளில் தட்டினார். “எந்திரிங்க, கிராப்ட்ரி. ராணிக்காக நிக்கக்கூட முடியாதா?” மூன்று முறை தட்டினார். சரணம் முடியும்வரை பாடியபடியே தட்டினார். அவர் மேல் தப்பில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

இதயமும் தூசியும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சவ ஊர்வலத்துக்கு நான்தான் பாட்டுப் பிரித்து எழுதினேன். எல்லோருக்கும் மூச்சு விடத் தாராளமாக இடம் விட்டிருந்தேன். பலரும் அதைக் கவனித்துப் பாராட்டினார்கள். கல்லறைக்குப் பக்கத்தில் ஐவி என்னிடம் வந்தாள். “கமா போட்டீங்கல்ல, ஹெர்பர்ட்?”

“போட்டேன்.”

பொய்யில்லை. நீங்களே தாளை எடுத்துப் பார்க்கலாம், தடம் இருக்கும்.

“எடுத்திருக்கலாம்ல. போட்டதையும் எடுக்காம, யாருக்குக் காட்டறதுக்கு இந்த வீம்பு?” என்றாள். அழவில்லை. அவன்மேல் கோபமாக இருந்தாள். ஐந்து வருஷமாக அவன்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மத்தியானச் சாப்பாடு அவள் வீட்டில்தான். மாட்டுக்கறி வறுவல், குழம்பு, பொங்கி எழுந்த மாவுப் பலகாரம். ஏமஸின் நாற்காலி எனக்கு ஒத்துவரவில்லை, முதுகு வலிக்கிறது. அவனுடைய கதையைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். நான் தலையாட்டுவேன். இருநூற்று அறுபது ஞாயிறு தலையாட்டியிருக்கிறேன், சார்ஜென்ட். களைத்துவிட்டேன். அதனால்தான் வந்தேன்.

அதனால் மட்டும் இல்லை. வருகிற சனிக்கிழமை புது பேண்டு அறை திறக்கிறார்கள். அதற்கு ஏமஸின் பெயர். சுவரில் அவனுடைய இரண்டு தாள்களைக் கண்ணாடி போட்டு மாட்டப்போகிறார்கள். ஒன்று முடிசூட்டு விழாத் தாள். இன்னொன்று இருபத்தைந்தாம் வருஷப் போட்டித் தாள். அந்த இரண்டாவதைப் பற்றி நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

அந்தப் பாலத்தை எழுத ஆரம்பிக்கும் முன்பு, ஏமஸின் உதடு எந்த ஸ்வரம்வரை வசதியாக இறங்கும் என்று பார்ப்பதற்காக, பேண்டு அறை அலமாரியில் அவனுடைய பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அதில் அந்தத் தாளும் இருந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பார்த்தேன். அந்த நீள வரிக்கு மேலே, நட்டநடுவில், ஒரு சின்னப் புள்ளி இருந்தது. வால் மாதிரி ஏதோ அதற்கு இருந்தது. கீழ்வரியில், அந்தப் புள்ளிக்கு நேர்கீழே, நான் கமா போட நினைத்திருந்த இடம் வெறுமையாக இருந்தது; கை ஒரு வரி தவறி மேலே போட்டதுபோலத் தோன்றும், ஆனால் அது தற்செயல்.

நீல முனையால் தேய்த்தேன். சுலபத்தில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கக் காகிதத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போய் நான்கு கட்டப் பாலத்தை எழுத உட்கார்ந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அந்த ஓட்டை வழியாகச் சுவர் தெரியும். யாராவது கேட்பார்கள். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஏமஸ் கிராப்ட்ரியைக் கொன்றது நான்தான். பதினோரு கட்டம் எழுதினேன், கமாவை அழித்தேன், அவன் எடுக்கமாட்டான் என்று தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குக் கீழே இதையும் தனி வரியாக எழுதுங்கள்: இருபத்தைந்தாம் வருஷம் அந்த இடத்தில் நான் கமா போடவில்லை. அங்கே இருந்தது ஈ எச்சம். ஊதா ஓடிய கறுப்பாக இருந்தது என்று யாராவது சொன்னால், சாயப்பட்டறைப் பக்கத்து ஈ, சார்ஜென்ட், அது எந்த நிறத்தில் வேண்டுமானாலும் போடும்.